ஆட்டம் வரலேன்னா தொப்பி வாங்கு

ஏலே பேராண்டி, பந்து கூடைக்குள்ள விழ மாட்டேங்குதா? வெசனப்படாத, தாத்தன் வழி சொல்லுதேன். நேரா கடைக்குப் போயி நல்ல தொப்பியா ஒண்ணு வாங்கு. சிரிக்காத. வால்ட் ஃப்ரேசியர் அதைத்தான் செஞ்சான். நீ ஆசைப்படுத பூமா ஷூவுல ‘கிளைடு’ன்னு கையெழுத்து இருக்குல்லா, அந்த ஆளுதான். கம்பெனி மொதலாளி பேருன்னுல்லா நீ நெனச்சிருப்ப, கூறுகெட்டவனே.

1945-ல அட்லாண்டாவுல பொறந்தவன். ஒம்பது புள்ளைகள்ல மூத்தவன். கறுப்புப் புள்ளைகளத் தனிப் பள்ளிக்கூடத்துல ஒதுக்கி வச்சிருந்த காலம் அது. அவுங்களுக்குன்னு இருந்தது குண்டும் குழியுமா ஒரு மண்ணுத் தரை. பந்து எந்தப் பக்கம் எகிறும்னு யாருக்கும் தெரியாது. அதுலதான் அவனுக்குக் கை பழகிச்சு. நீ என்னடான்னா, சிமெண்டுத் தரை வழுக்குதுன்னு ஒங்க மாஸ்டர்கிட்ட மனுக் குடுக்க.

1967-ல சதர்ன் இல்லினாய் காலேஜுக்காக நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஆடி என்.ஐ.டி. கோப்பைய வாங்கிக் குடுத்தான். அதே வருசம் புது ஆட்டக்காரங்கள எடுக்குத தேர்வுல, நியூயார்க் நிக்ஸ் அணிக்காரன் அஞ்சாவது ஆளா அவனப் புடிச்சுக்கிட்டான். பொறவுதான் சோதனை. மொத வருசம் ஆட்டத்துக்குச் சராசரி 9 புள்ளி. மனசு ஒடிஞ்சு போச்சு. என்ன செஞ்சான் தெரியுமா? துணிக்கடைக்குப் போயிட்டான். ஆட்டந்தான் நல்லால்ல, ஆளாவது நல்லாருப்போம்னு சட்டையும் கோட்டுமா வாங்கிக் கண்ணாடி முன்னாடி நின்னு மனசத் தேத்திக்கிட்டான். அந்தக் கணக்குப்படி பாத்தா நீ சரியான பாதையிலதாம்லே போற. ஒனக்கும் ஆட்டம் வரல, ஒனக்கும் ஷூ வேணும்.

பால்டிமோர்ல அகல விளிம்பு வச்ச போர்சலினோ தொப்பி ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு வந்தான். கூட ஆடுதவன்லாம் விழுந்து விழுந்து சிரிச்சான். ‘பானி அண்ட் கிளைடு’ சினிமா வந்த வருசம் அது. அதுல கிளைடுங்கிற கொள்ளைக்காரன் இதே தினுசுத் தொப்பி போட்டிருப்பான். அணியோட ட்ரெய்னர் டேனி வேலன், “வாய்யா கிளைடு”ங்குத தோரணையில பேர வச்சு விட்டுட்டாரு. பேங்குல கொள்ளையடிச்சவன் பேரத்தான் நீ காசு குடுத்துக் கால்ல மாட்டப் போற. ஒங்கப்பன் போலீஸ் பரீட்சை எழுதுனவன், அவன்கிட்ட இதச் சொல்லிராத.

ஆனா பேரு பொருந்தி வந்துச்சு பாரு, அதச் சொல்லணும். அந்த வருசக் கடைசியில ரெட் ஹோல்ஸ்மன் கோச்சா வந்தாரு. தடுத்து ஆடுதவனுக்குத்தான் அவருகிட்ட மரியாதை. நம்மாளுக்குக் கொண்டாட்டம். எதிராளி பந்தத் தட்டிக்கிட்டு வாரப்ப இவன் அக்கறையே இல்லாம ஒதுங்கி நிப்பான். தூங்குத மாரி கெடந்துட்டு, பால் சட்டிய எறக்குனதும் எந்திரிக்கும்லா நம்ம வீட்டுப் பூனை, அதேதான். பந்து போன பொறவுதான் பறிகுடுத்தவனுக்கு விசயமே தெரியும். இவன் மூஞ்சியில ஒரு சலனமும் இருக்காது. 1969-லேர்ந்து 1975 வரைக்கும் ஏழு வருசம் விடாம, நல்லாத் தடுத்து ஆடுதவங்க பட்டியல்ல மொத அணியில இருந்தான். இதுல ஒரு கூத்து என்னன்னா, பந்து பறிக்கிறதுக்கு அவுங்க லீக்கு என்.பி.ஏ. கணக்கு எழுத ஆரம்பிச்சதே 1973-74 பருவத்துலதான். களவாணி முக்காவாசி களவ முடிச்ச பொறவு ரைட்டர் வந்து நோட்டத் தொறந்திருக்காரு.

1970 மே 8. என்.பி.ஏ. கோப்பைக்கு லேக்கர்ஸ் அணியோட கடைசி ஏழாவது ஆட்டம். நிக்ஸ் அணித் தலைவன் வில்லிஸ் ரீடுக்குக் காலுல காயம், வருவானோ மாட்டானோன்னு சனம் காத்துக் கெடக்கு. நொண்டிக்கிட்டே வந்தான், மொத ரெண்டு கூடைய அவனே போட்டான். கூரை பிச்சுக்கிட்டுப் போற சத்தம். அதுக்கு மேல அவன் புள்ளியே எடுக்கல. நம்ம தொப்பிக்காரன் எடுத்தது 36 புள்ளி, அடுத்தவனுக்குக் குடுத்து கூடை போட வச்சது 19 தடவ. 113-க்கு 99, நிக்ஸுக்கு மொதக் கோப்பை. இன்னைக்கும் அந்த ஆட்டத்தப் பத்திக் கேளு, ரீடு நொண்டிக்கிட்டு வந்ததத்தான் சொல்லுவான். அதனால நீயும் மேட்ச் அன்னைக்கு லேசா நொண்டிப் பாரு. பேரு வாங்க அது சுருக்கு வழி, ஷூவும் தேயாது.

பொறவு ரோல்ஸ் ராய்ஸ் காரு, மிங்க் ரோமத்துல கோட்டு. 1973-ல ரெண்டாவது கோப்பை. அந்த வருசந்தான் கிளைடு ஷூ வந்துச்சு. பூமாக்காரன் மொதல்ல கொண்டாந்து குடுத்தது கனமா இருந்துச்சாம். எடையக் குறை, அகலத்தக் கூட்டு, என் பேரையும் போடுன்னுட்டான். மெத்துனு ஸ்வேட் தோலு, தட்டையா ரப்பர் அடி, பக்கவாட்டுல பொன்னெழுத்துல பேரு. அவ்வளவுதான். காத்துப் பை கெடையாது, ஸ்பிரிங்கு கெடையாது. ஜோர்டான் பேருல நைக்கி ஷூ வந்ததெல்லாம் 1985-லதான். நியூயார்க் தெருவுல பிரேக் டான்ஸ் ஆடுன பயலுவ பட்டையா லேஸ் கட்டி இதப் போட்டுக்கிட்டு ஆடப் போயி, கூடைப்பந்துன்னா என்னன்னே தெரியாதவன் வீட்டுக்கும் போயிருச்சு. இன்னைக்கு அந்தப் பழைய மாடலப் போட்டுக்கிட்டு எந்தப் பெரிய ஆட்டக்காரனும் களத்துல எறங்குததில்ல. ஸ்வேட்டுல தண்ணி பட்டா போச்சு. ஐப்பசியில நம்ம கரிசல்ல அதப் போட்டு நடந்தேன்னா, நீ வீட்டுக்கு வந்துருவ, ஷூ வராது.

1977-ல ரெண்டு கோப்பை வாங்கிக் குடுத்தவன நிக்ஸ்காரன் கிளீவ்லாண்டுக்கு அனுப்பிட்டான். வேற ஒருத்தன எடுத்ததுக்கு ஈடாக் குடுத்தது, கேட்டியா. அங்ஙன மூணு பருவத்துலயும் சேத்து 66 ஆட்டந்தான் ஆடுனான். ஆளு ஓஞ்சான், ஷூ ஓயல. ஆளும் சும்மா கெடக்கல. பேப்பரு படிச்சுப் படிச்சுப் புது வார்த்தையாச் சேத்து வச்சு, எதுகை மோனையோட நிக்ஸ் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்ல ஆரம்பிச்சான். பசுமாட்டுத் தோலுல இருக்குமே அந்தத் திட்டுத் திட்டான டிசைன்ல ஒரு கோட்டு வச்சிருக்கான். நம்ம லெச்சுமி பாத்தா சொந்தம் கொண்டாடும். ஆடுனதுக்காக 1987-ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. பேசுனதுக்காக 2022-ல அதே ஹால் ஆஃப் ஃபேம் கர்ட் கவுடி விருதும் குடுத்துச்சு. 2018-ல, எழுபது தாண்டுன ஆளுக்கு, பூமா ஆயுசுக்கும் ஒப்பந்தம் போட்டுச்சு. என் வயசுக்காரங்கள என்னன்னு நெனச்ச?

1974-ல அவன் ‘ராக்கிங் ஸ்டெடி’ன்னு ஒரு பொஸ்தகம் எழுதுனான். பந்தாட்டம் எப்படி, உடுத்துறது எப்படின்னுல்லாம் சொல்லிட்டு, வெறுங்கையால ஈ புடிக்கது எப்படின்னும் அதுல வெவரமா எழுதியிருக்கான். கை வேகத்துக்கு அதுதான் பாடம். நீ ஷூ வெலையத்தான் பாத்துருப்ப, இதப் பாத்துருக்க மாட்ட. தொழுவத்துல ஈ மொய்க்கி. போ, நாலு புடிச்சுட்டு வா. தொப்பி வேணும்னா என்னுத எடுத்துக்கோ.