காணாமற்போகும் கழித்தல் குறி: ஓர் ஆய்வுரை

இவ்வுரை நுதலிய பொருள் யாதோ எனின், கழித்தல் குறி. எக்ஸ் என்னும் மாறி எதிர் முடிவிலியை நோக்கிப் புறப்படும் எல்லைக் கணக்குகளில், இக்குறி வர்க்கமூலத்துக்குள் நுழைவதைப் பலர் கண்டிருக்கின்றனர். அதன்பின் அதற்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தவர் குறைவு.

முதலில் நிகழ்விடம். √(4எக்ஸ்² + 1) என்பதை எக்ஸால் வகுத்து, எக்ஸ் எதிர் முடிவிலியை நெருங்கும்போது எல்லை காண்க என்பது வினா. மாணவர் மூலத்தின் உள்ளிருந்து எக்ஸ்²-ஐ இழுப்பார். வெளியே வந்தது எக்ஸ் என்று எழுதுவார். மேலும் கீழும் அடித்துவிட்டு, விடை 2 என்று இரட்டைக் கோடு போடுவார். எக்ஸுக்கு −1000 கொடுத்துப் பார்த்தால் தொகுதி 2000-ஐ மயிரிழை தாண்டும், பகுதி −1000. எனவே எல்லை −2. இரட்டைக் கோடு மட்டும் சரி.

குற்றவாளி யார்? √ குறியை 1525-இல் அச்சேற்றியவர் கிறிஸ்டோஃப் ருடால்ஃப். அதன் தலைமேல் நீளும் கோட்டை 1637-இல் சேர்த்தவர் டெகார்ட். ∞ குறியை 1655-இல் தந்தவர் ஜான் வாலிஸ். டெகார்ட்டின் கோடு கூரைபோல் இருப்பதால், உள்ளே போனது போனபடியே திரும்பும் என மாணவர் நம்பிவிடுகின்றனர் என்பது ஒரு கட்சி. (அக்கட்சியில் இதுவரை யாரும் சேரவில்லை.) யாம் அதை மறுக்கிறோம். என்னை? வர்க்கமூலம் எதிர் எண்ணை விடையாகத் தருவதே இல்லை ஆகலின். −5 வர்க்கமானால் 25. அதற்கு மூலம் கேட்டால் 5. √எக்ஸ்² என்பது எக்ஸ் அன்று, எக்ஸின் மட்டு மதிப்பு. எக்ஸ் எதிர் எண்ணாயின் அது −எக்ஸ். உடனே வகுப்பில் ஒரு கை எழும்: “சார், நேர் மதிப்புன்னு சொல்லிட்டு முன்னாடி மைனஸ் போடுறீங்களே?” முன்னால் கோடு கண்டதெல்லாம் எதிர் எண் என்னும் அப்பழக்கமே இங்கு மூலக் கோளாறு.

அற்றேல், லோபிதாலின் விதியிடம் முறையிடலாமே எனின், முறையிடலாம், தீர்ப்பு வராது. எக்ஸ்-ஐ √(எக்ஸ்² + 1) ஆல் வகுத்த கோவையை எடுத்துக்கொள்க. அவ்விதிப்படி தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டால் கோவை தலைகீழாகிறது. மறுபடி வகையிட்டால் பழையபடி நிமிர்ந்துவிடுகிறது. ஆயுள் முழுதும் வகையிட்டாலும் இதே கதிதான். லோபிதால் 1694-இல் ஆண்டுக்கு 300 லிவர் தருவதாகக் கடிதம் எழுதி யோஹான் பெர்னூலியின் கண்டுபிடிப்புகளைக் கேட்டுப் பெற்றவர். 1696-இல் வந்த அவர் நூலில் இவ்விதி இருக்கிறது. இந்தக் கோவைக்கு அந்த 300 லிவர் செல்லாது.

ஆயினும் இச்சுழற்சி முழு வீண் அன்று. எல்லை ஒன்று உண்டு எனக் கொண்டால், அது தன் தலைகீழிக்குச் சமமாக வேண்டும். ஆகவே 1 அல்லது −1. இரண்டில் எது என்றால் விதி வாய் திறப்பதில்லை. விசாரணை சுற்றிச் சுற்றி வந்து, காணாமற்போன அந்தக் குறியிடமே நம்மை விட்டுவிடுகிறது. (எதிர்த் திசையில் −1.)

கணிப்பானின் சாட்சியமும் தள்ளத்தக்கதே. √(எக்ஸ்² + எக்ஸ்) + எக்ஸ் என்பதன் எல்லை எதிர் முடிவிலியில் −½. 12 இலக்கம் மட்டுமே தாங்கும் கணிப்பானிடம் எக்ஸ் −10¹³ என்று கொடுத்தால், வர்க்கத்தின் பக்கத்தில் தனி எக்ஸ் கண்ணுக்கே தெரியாமல் போய், விடை 0 என்று கூசாமல் சொல்லும். இணையால் பெருக்கி வகுத்த வடிவத்தைக் கொடுத்தால் அதே கணிப்பான் −0.5 என்கிறது.

பரிகாரம் ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே எக்ஸ் = −டி எனப் பிரதியிட்டால், டி நேர் முடிவிலிக்குப் போகும்; முதல் வினாவில் கழித்தல் குறி மூலத்துக்குள் நுழையாமல் பகுதியில் எல்லோர் பார்வையிலும் நிற்கும். இதற்கு ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். அந்த வரிக்குத் தனி மதிப்பெண் இல்லை ஆகலின், பின்பற்றுவோர் அரியர்.