ஓமந்தை அரைமணித்தியாலம்: நேரவலயப் பக்கேஜ் அப்கிரேட் குறித்து ஒரு விசாரணை

லினக்ஸில் பக்கேஜ் அப்கிரேட் பண்ணும்போது வரும் கோளாறுகளை லொக் கோளாறு, டிபென்டன்சிக் கோளாறு, டிஸ்க் நிறைந்த கோளாறு என்று அறிஞர் வகுப்பர். இவையெல்லாம் சிவப்பெழுத்தில் கத்துகிற கோளாறுகள். கத்துகிறதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் எதற்கு? நாம் எடுத்துக்கொண்டது சத்தமே போடாத ஒன்று. அப்கிரேட் வெற்றி என்று திரை சொல்லும். மணிக்கூடு அரைமணித்தியாலம் பிழையாக நிற்கும். இதற்கு உலகிலேயே தகுந்த ஆய்வுக்களம் இலங்கையின் வடக்கிலுள்ள ஓமந்தை என்பது எமது துணிபு.

1996 இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தள்ளாடியபோது, கரண்டை மிச்சம் பிடிக்கவென்று மே 25 அன்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. கிரீன்விச்சிலிருந்து 5.30 ஆக இருந்த வித்தியாசம் 6.30 ஆனது. ஒக்டோபர் 26 இல் அரைமணியைத் திருப்பிக் கொடுத்து 6.00 ஆக்கினார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டையும் ஏற்காமல் 5.30 இலேயே நின்றது. 2002 இல் ஏ9 நெடுஞ்சாலை திறந்தபோது ஓமந்தையில் இராணுவச் சாவடி, இடையில் சூனியப் பிரதேசம், அப்பால் புளியங்குளப் பக்கம் மற்றவர்களின் சாவடி. பத்து மணிக்கு ஓமந்தையைத் தாண்டியவர் ஒன்பதரை மணி கொண்ட நாட்டுக்குள் நுழைந்தார். வரிசை இல்லாவிட்டால் புறப்பட்டதற்கு முன்னரே போய்ச் சேர்ந்திருக்கலாம். வரிசை இல்லாத நாளுக்குத்தான் சான்று கிடைக்கவில்லை. கைமணிக்கூட்டை எந்த இடத்தில் திருப்புவது என்பதில் ஓமந்தைக் கட்சி, புளியங்குளக் கட்சி என இரு கட்சிகளைக் கற்பிக்கலாம். திருப்பாமலே மனக்கணக்குப் போட்டவர்களை மூன்றாங்கட்சி என்க.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் பெரும்பாலும் நேரக்கணக்கை ஒரே பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கின்றன. ஆர்தர் டேவிட் ஒல்சன் தொடக்கியது; பின்னர் பவுல் எகர்ட் பராமரித்து வருகிறார். லினக்ஸில் அதன் பக்கேஜுக்குப் பெயர் 'டீஸெட்டேட்டா'. அதன் ஆசியக் கோப்பில், இலங்கைக் கணக்கின் மேலே, தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்போர் கொல்கத்தா நேரத்தைப் பாவிக்கலாம் என்று எகர்ட் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். 1970 முதல் இரண்டு இடமும் ஒத்துப்போனதால் தனிவலயம் வேண்டியதில்லை என்பது அவர் நியாயம். சமாதானப் பேச்சுகளில் இழுபட்ட எல்லைப் பிரச்சினைகளுள் இப்படி ஒரு வரியில் முடிந்தது வேறில்லை.

2006 ஏப்ரல் 15 இல் கொழும்பு மீண்டும் 5.30 க்கு வந்தது. தெற்கில் இருந்த கணினிகளெல்லாம் புதிய பக்கேஜ் கேட்டன. புலிகளின் வன்னியில் கொல்கத்தா நேரத்தில் ஓடிய கணினிக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஆகவே எமது பிரதான கண்டுபிடிப்பு: 2006 இல் நடந்தது அப்கிரேட் என்ற பெயரில் ஒரு டவுன்கிரேட், பத்து வருடம் எதையும் தொடாதிருந்தவர்களே அன்று காலை ஆகப் புதிய பதிப்பில் இருந்தார்கள்.

பழைய அரைமணியிலேயே நிற்கும் தெற்குக் கணினிக்கு இனிச் சிகிச்சை. முதலில் 'ஸீடம்ப்' கட்டளையால் கொழும்பு வலயத்தின் மாற்றங்களையெல்லாம் கேட்க வேண்டும். 2006 இன் வரி தெரிந்தால் பக்கேஜ் குற்றவாளியல்ல. அடுத்து 'ஈடிசி' அடைவிலுள்ள 'லோக்கல்டைம்' கோப்பைப் பார்க்க வேண்டும். அது இணைப்பாக இல்லாமல் எப்போதோ எடுத்த நகலாக இருந்தால், பக்கேஜ் புதிதானாலும் நகல் பழைய நேரத்தையே ஓதும். அதையும் மாற்றியாயிற்று, ஆனாலும் இரவு வேலைகள் அரைமணி பிசகி ஓடுகின்றனவா? 'கிரோன்' தொடங்கும்போது வாசித்த வலயத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தித் திரும்பத் தொடக்கினால் போதும், மெஷினையே நூத்து எழுப்ப வேண்டியதில்லை.

மிகக் கொடிய வகை, பொறுமையில்லாத அண்ணை ஒருவர் மணிக்கூட்டைக் கையாலேயே அரைமணி பின்னுக்கு இழுத்துவிட்டது. திரையில் நேரம் சரி. உள்ளே ஓடும் சர்வதேச நேரம் பிழை. வலயம் பழையது, மணிக்கூடு பொய். இரண்டும் சேர்ந்து உண்மை. பின்னர் ஒரு நல்ல பெடியன் வந்து பக்கேஜை முறைப்படி அப்கிரேட் பண்ணுவான். திரை அரைமணி பிந்திவிடும். "பாத்தியே, தொட்டுத்தான் பழுதாக்கினவன்" என்று அண்ணை இனி எந்த அப்டேற்றுக்கும் சம்மதிக்கமாட்டார். நேர விஷயத்தில் அவருக்கு வன்னி முன்னுதாரணம் துணை நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் விஷயத்தில் நிற்காது.