ரத்தமா, வழிகாட்டியா?

கேள்வி: வியாபாரம் ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும். கல்லூரியில் ஒருவர் வழிகாட்டினால் மாணவருக்குத் தொழில் தொடங்கும் ஆசை வந்துவிடுமா?

பதில்: ரத்தத்தில் ஊறியது என்கிறோமே, அது பெரும்பாலும் காதில் விழுந்ததுதான். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கடனும் கொள்முதலும் நஷ்டமும் சாப்பிட உட்காரும்போதே அறிமுகமாகிவிடுகின்றன. மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சைக் கல்லூரிதான் கொடுக்க முடியும். ஈஸ்லி, வாங் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் குலுக்கல் முறையில் வழிகாட்டிகளை அமர்த்திப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தொழில்முனைவோரை வழிகாட்டியாகப் பெற்றவர்கள் அந்தப் பாதையை அதிகம் நாடினார்கள். பெற்றோர் தொழில்முனைவோராக இல்லாத மாணவர்களுக்கே பலன் கூடுதல். பழைய உதாரணம் ஒன்று: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெர்மன் வெறும் அறிவுரையோடு நிற்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த தம் பழைய மாணவர் பேக்கார்டுக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். இன்னொரு மாணவரான ஹியூலெட்டின் ஆய்வில் பிறந்த, ஒலி அலைகளை உண்டாக்கும் ஆடியோ ஆசிலேட்டர் கருவியை விற்பனைக்குக் கொண்டுவரத் தூண்டினார். 1939இல், 538 டாலர் முதலீட்டில் அவ்விருவரின் ஹியூலெட்-பேக்கார்டு கம்பெனி தொடங்கியது.

நெதர்லாந்தில் மாணவர்களைச் சிறு கம்பெனி நடத்தவைத்த ஒரு கல்லூரிப் பாடத்திட்டம், தொழில் தொடங்கும் எண்ணத்தைக் குறைத்ததாக 2010இல் வந்த ஆய்வு சொல்கிறதே என்று நீங்கள் மடக்கலாம். குறையட்டும். பெற்றோரின் சேமிப்பைக் கரைத்த பிறகு வரும் தெளிவு வகுப்பிலேயே வந்தால் அது லாபக் கணக்கு. ஆசையை ஊதிப் பெருக்குவதல்ல, அதை உரசிப் பார்ப்பதே வழிகாட்டியின் வேலை. ஆகவே கல்லூரிகளே, ஆண்டுக்கொருமுறை பிரமுகரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினால் போதாது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் பக்கத்தில் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கும் ஒருவரை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.