கொள்ளைக்காரர்கள் தேடிய கோள்கள்

ஈவ் ஆன்லைன் உலகத்தில் யாரையும் நம்பக் கூடாது. ஐஸ்லாந்துக்காரர்கள் 2003-இல் திறந்துவிட்ட இந்த இணைய விண்வெளியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு கப்பல். திருட்டு, துரோகம், மோசடி எல்லாம் ஆட்டத்துக்குள் நடக்கும்வரை விதிப்படி செல்லும். ஜிட்டா என்ற சந்தை மண்டலத்துக்குள் நுழைந்தால், "பணம் அனுப்புங்கள், இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று வரிசையாக மகான்கள் கூவிக்கொண்டிருப்பார்கள். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் மண்டலத்துக்குக் கட்டணம் செலுத்தத் தவறிவிட, அதை வைத்தே சண்டை மூண்டு, ஏறத்தாழ 21 மணி நேரத்தில் டைட்டன் என்ற 75 ராட்சதக் கப்பல்கள் சாம்பலாயின. நிஜப் பணத்தில் கணக்குப் போட்டால் மூன்று லட்சம் டாலர் என்றார்கள். கரண்ட் பில் கட்ட மறந்ததற்கு மூன்றாம் உலகப் போர்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 2017-இல் வானியலாளர்கள் உதவி கேட்டு வந்தார்கள். அதுவும் சாதாரண ஆட்கள் இல்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மயோர். சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை 1995-இல் முதன்முதலாகக் கண்டறிந்த இருவரில் ஒருவர். அதற்காக 2019-இல் நோபல் பரிசே வாங்கினார். அவர் தரப்பின் கையில் இருந்தது கோரோ என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் சேர்த்த தரவு. 27 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை முறைத்துப் பார்த்துவிட்டு, 2013-இல் ஓய்வு பெற்றிருந்தது. கணினி சலித்ததில் தப்பிய கோள்கள் மனிதக் கண்ணுக்குச் சிக்குமா என்று பார்க்க வேண்டும். பார்க்க ஆள் வேண்டும். நிறைய ஆள். சம்பளம் கேட்காத ஆள்.

அப்போது ஆட்டத்துக்குள்ளேயே ஒரு ஜன்னல் திறக்கும். கறுப்புத் திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். நாளாக நாளாக ஒரு விண்மீனின் ஒளி ஏறி இறங்கிய கணக்கு. கோள் ஒன்று விண்மீனுக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். 2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனைக் கடந்ததை மொட்டைமாடியில் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பார்த்தோமே, அதே சங்கதி. வியாழன் சூரியனை மறைத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு சதவீத வெளிச்சம் குறையும். நம் பூமி மறைத்தால் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. இத்தனை ஆட்டம் ஆடுகிற நம்முடைய கௌரவம் வெளியூரில் அவ்வளவுதான்.

"யாருக்கு என்னங்க? ஈசிஜி மாதிரி இருக்கு" என்றாள் மனைவி, காபியை வைத்துக்கொண்டே. ஒரு நட்சத்திரத்துக்கு என்றேன். "அதையாவது நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

புதிர் பார்க்கத்தான் எளிது. ஒரு பள்ளம் தெரிந்தால் போதாது. அதே ஆழத்தில், அதே இடைவெளியில் மறுபடி வர வேண்டும். மெதுவாக அலை அலையாக ஏறி இறங்கினால் அது விண்மீனின் முகத்தில் இருக்கும் கரும்புள்ளிகளின் வேலை. ஆழமான பள்ளமும் ஆழம் குறைந்த பள்ளமும் மாறி மாறி வந்தால், கோள் இல்லை, ஒன்றையொன்று மறைத்து விளையாடும் இரட்டை விண்மீன்களாக இருக்கும். அலையைத் தட்டிச் சமன்படுத்தவும், வரைபடத்தை மடித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்கவும் கருவிகள் இருந்தன. சரியான இடைவெளியில் மடித்தால் பள்ளங்கள் எல்லாம் ஒரே குழியில் போய் விழும். அந்த நொடியில் வரும் சந்தோஷத்துக்கு நூறு பேரின் சரக்குக் கப்பலைக் கவிழ்த்தாலும் ஈடாகாது. (கவிழ்த்தவர்கள் சொன்னது.)

செய்தால் ஆட்டக் காசு கிடைக்கும். உடனே எங்கள் மக்களுக்கு எழுந்த முதல் கேள்வி, பார்க்காமலே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் காசு வருமா என்பது. அதற்கும் வழி அடைத்து வைத்திருந்தார்கள். விடை தெரிந்த வரைபடங்களை நடுநடுவே சொல்லாமல் செருகிவிடுவார்கள். தப்பாகச் சொன்னால் துல்லிய மதிப்பெண் சரியும். நிஜ வரைபடத்தையும் ஒருவரிடம் காட்டிவிட்டு நம்பிவிட மாட்டார்கள். பல பேரிடம் தனித்தனியாகக் காட்டி, எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். யாரையும் நம்பாத எங்களுக்கு, எங்களை நம்பாத அவர்களைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

பொறுமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பாறைக்குப் பக்கத்தில் கப்பலை நிறுத்தி, லேசரைப் போட்டுவிட்டு, அது கரைவதை மணிக்கணக்கில் பார்ப்பதற்கு மாதச் சந்தா கட்டுகிறவர்கள் நாங்கள். எங்களுக்கா புள்ளிகளைப் பார்க்கத் தெரியாது?

ஒரு ராத்திரி அப்படிப் பாறை வெட்டியபடி திரையில் பாதியை விண்மீனுக்குக் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, லோக்கல்ல எவனோ சிவப்பு வந்திருக்கான், பாத்தீங்களா?" என்றான் ஹெட்செட்டில் கூட்டாளித் தம்பி. சிவப்பு என்றால் எதிரி.

"இருடா, மூணாவது பள்ளம் மாட்டிக்கிச்சு."

"உங்க கப்பல் போகப்போகுதுண்ணே!"

போனது. நான் உயிர்காப்புக் கூட்டில் மிதந்துகொண்டிருந்தேன். சுட்டவன் தப்பிக்க விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, ஏன் ஓடவில்லை என்று விசாரித்தான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "பள்ளம் எல்லாம் ஒரே ஆழமா, மாறி மாறியா?" என்று தட்டினான். லேசாக வித்தியாசம் இருக்கிறது என்றேன். அப்படியானால் இரட்டை விண்மீன், சந்தேகமே இல்லை என்றான். அந்த வித்தியாசம் வெறும் இரைச்சல், இது கோள்தான் என்றேன். அரை மணி நேரம் போனது. தம்பி கொட்டாவி விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான். வாதத்துக்கு நடுவே என் கூட்டை விடுவிக்க ஒரு தொகையும் கேட்டான் அந்தச் சக வானியலாளன். பேரம் பேசி, பாதிக்குக் குறைத்தேன். இரட்டை விண்மீன் என்று ஒப்புக்கொண்டால் அதையும் தள்ளுபடி செய்வதாகச் சொன்னான். முழுப் பாதியையும் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.