கூமாப்பட்டி நிதானவியல்: அடிப்பிடித்தல் கோட்பாடு குறித்து

2025 ஜூனில் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் தண்ணீரில் நின்றபடி, 'ஏங்க' என்று விளித்து, மனக்கஷ்டம் உள்ளோரையெல்லாம் தம் ஊருக்கு அழைத்தார். அந்த ரீல்ஸைக் கண்ட தமிழகம் வண்டியை எடுத்தது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், நெல்லும் தென்னையுமாகக் கிடந்த ஊர் இவ்வாறு நிதானவியலின் ஆய்வுக்களம் ஆயிற்று.

வந்தோர் நிதானம் பெற்றனரா? பெற்றிலர் என்க. பக்கத்திலுள்ள பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்றதும் பலர் திரும்பினர். அனுமதி இருந்திருந்தாலும் முடிவு மாறியிராது. என்னை? அமைதி தேடி வந்தவர் காலை இறக்குமுன் செல்போனைத் தூக்குகிறார். அணைக்கு முதுகு காட்டித் தம் முகத்தைத் தாமே பார்க்கிறார். பிறகு, இருட்டுமுன் ஊர் போய்ச் சேரவேண்டும் என்று டிரைவரை விரட்டுகிறார்.

மலையும் தண்ணீருமே மனத்தை ஆற்றும் என்பாரும் உளர். அஃதுண்மையாயின், பொழுது விடிந்தால் மலை முகத்தில் விழிக்கும் கூமாப்பட்டி விவசாயியை உரவிலை உறுத்தலாகாது. நன்றாகவே உறுத்துகிறது.

ஆகவே களத்தைத் தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்ற நேர்ந்தது. (வழியில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்ததையும் ஆய்வில் சேர்க்கலாம் என்று தோன்றியது, காத்திருந்தவர்களின் பேச்சைக் கேட்டபின் விட்டுவிட்டோம்.) அங்கே பால்கோவா அடுப்பருகே நிற்பவரைக் காண்க. பால், சர்க்கரை, விறகுத் தீ, துடுப்பு, வேறொன்றும் இல்லை. பால் சுண்டச் சுண்டக் கிண்டுவது கனக்கிறது. தீயை ஏற்றி வேலையை முடிக்க முடியாது. ஒரு நிமிஷம் பராக்குப் பார்த்தால் அடிப்பிடித்து, சட்டி முழுதும் தீய்ந்த வாடை ஏறிவிடும். இவர் நேற்றில் இல்லை, நாளையில் இல்லை, சட்டியில் இருக்கிறார். 'இந்தக் கணத்தில் வாழ்கிறீர்களா அண்ணாச்சி?' என்று கேட்டால் துடுப்புதான் பதில் சொல்லும்.

இதிலிருந்து பெறப்படுவது: மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது அமைதியன்று, அடிப்பிடிக்கும் என்ற பயம். ஆடிப்பூரத்தன்று அதே ஊரில் ஆண்டாள் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரும் இதற்குச் சான்று. அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே அவர் கண் சக்கரத்தை விட்டு நகர்வதில்லை. வட்டிக்கடன் ஞாபகம் வந்தால் கால் போய்விடும். இவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், தோள்வலியும் அனலும் உண்டு. அதை மறைத்துக் கோட்பாடு கட்டுவது ஆய்வு நேர்மையாகாது. ஆனால் அந்த நேரத்தில் வேறெங்கோ இருக்கவேண்டும் என்ற அரிப்பு அவர்களிடம் காணப்படவில்லை.

நமது பரிந்துரை எளிது. கூமாப்பட்டிக்கு வரும் வண்டிகளின் சாவியை வத்திராயிருப்பிலேயே வாங்கிவைத்துக்கொண்டு, ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்து அடுப்படிக்கு அனுப்பலாம். பால்கோவாக் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை மனக்கஷ்டக்காரர் கையில் கொடுப்பதா என்று கேட்டுவிட்டு, அரைக் கிலோவா ஒரு கிலோவா என்றார்.