யாமத்து ஆடையில் யு.கே.ஜி.: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். மழலையர் பள்ளிகளில் இப்போது வாரம் தவறாமல் ஏதாவது ஒரு தினம் வருகிறது. சிவப்பு தினம், மஞ்சள் தினம், பழ தினம், தாத்தா பாட்டி தினம் என்று நீளும் அந்த வரிசையில் பைஜாமா தினமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அன்று பிள்ளைகள் டை, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, ராத்திரி படுக்கும் உடையோடு வகுப்புக்கு வர வேண்டும். கையில் ஒரு டெடி பேர் இருந்தால் சிறப்பு. இது தகுமா, தகாதா? சங்க காலம் தொட்டு இன்றுவரை இவ்வினாவை எவரும் முறையாக எடுத்து ஆராயவில்லை. உரையாசிரியர்களும் கைவைக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறை இக்கட்டுரையோடு தீர்கிறது.

இலக்கணத்திலிருந்து தொடங்குவதே மரபு. நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள். இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை யாமம். காலை ஆறு முதல் பத்து வரை காலை. பைஜாமா யாமத்துக்கு உரியது. பள்ளி மணி அடிப்பது காலையில். ஆக, ஒரு பொழுதின் பொருள் இன்னொரு பொழுதில் வந்து நிற்கிறது. இது வழுவா, மயக்கமா? திணை மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. நிலம் ஒருங்கு மயங்காது என்று மட்டும் சொல்லி வைத்தது. அப்படியென்றால் பொழுது மயங்கலாம் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். இதன்படி, இரவு உடையைப் பகலில் உடுத்தத் தடையில்லை. வீட்டு நிலத்தைத் தாண்டத்தான் தடை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவரை நைட் பேன்ட்டோடு சோபாவில் கிடக்கும் தந்தையர் இலக்கணப் பிழை ஏதும் செய்யவில்லை. அதே பேன்ட்டோடு கறிக்கடை வரிசையில் போய் நிற்கும்போதுதான் சூத்திரம் உடைகிறது.

அப்படியானால் பள்ளிக்கு ஆகாது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. பல மழலையர் பள்ளிகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள். எனவே வகுப்பறையும் துயில்நிலமே. மேல் வகுப்புகளில் பாய் மட்டும்தான் இல்லை, வழக்கம் தொடர்கிறது. மதியம் இரண்டு மணி வரலாற்று வகுப்பின் கடைசி பெஞ்சைக் கண்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். நிலம் ஒன்றுதான், மாறியது பொழுது மட்டுமே என்பதால் இலக்கணத்தின்படி பைஜாமா தினம் குற்றமற்றது.

உண்மையான எதிர்ப்பு பாட்டியிடமிருந்து வருகிறது.

“படுத்து எழுந்த துணியோடயா பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புவாங்க? சரஸ்வதி இருக்கிற எடம்மா அது.”

“மிஸ்ஸே அப்படித்தான் அத்தை வரச் சொல்லியிருக்காங்க.”

“மிஸ்ஸு சொல்லுவாங்க. மிஸ்ஸு அப்படி வருவாங்களா?”

இக்கடைசி வினாவின் ஆழத்தைக் கல்வியாளர்கள் இன்னும் எட்டவில்லை. தீர்ப்பு எழுதும்போது அதற்குத் திரும்ப வருவோம்.

இரவு உடை வெளியே வருவதைக் கண்டு கலங்கியது பாட்டி மட்டுமல்ல. 2010இல் ஷாங்காய் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. விருந்தாளிகள் வரும் நேரத்தில் பைஜாமாவோடு தெருவில் நடமாடாதீர்கள் என்று அதற்கு முன்பே அங்கே பிரசாரம் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஒரு டெஸ்கோ கடை, இரவு உடையில் வருவோருக்கு அனுமதியில்லை என்று அறிவிப்பு வைத்தது. 2016இல் இங்கிலாந்தின் டார்லிங்டனில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது தயவுசெய்து உடை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. சீனத்தின் அன்ஹுயி மாநிலத்திலுள்ள சுஜோ நகரம் எல்லோரையும் மிஞ்சியது. 2020 ஜனவரியில், பைஜாமாவோடு வெளியே வந்த ஏழு பேரின் படங்களைக் கண்காணிப்புக் கேமராவிலிருந்து எடுத்து ஊரறிய வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. நம் பக்கத்து ஆந்திரத்தில், மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோக்கலபள்ளி கிராமப் பெரியவர்கள் 2018இல் ஒரு கட்டளை போட்டார்கள்: காலை ஏழு முதல் மாலை ஏழு வரை பெண்கள் நைட்டி அணியக் கூடாது, மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுப்போருக்கு 1,000 ரூபாய் பரிசு. ஆண்களின் லுங்கிக்கும் பட்டாபட்டிக்கும் பெரியவர்கள் விலை ஏதும் குறித்ததாகச் செய்தியில்லை.

இவற்றில் குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரும் பெரியவர்கள் என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் கூண்டேறிய வழக்கு, இக்கட்டுரையாளர் அறிய, ஒன்றே. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளி நிர்வாகம், வீட்டிலிருந்து ஆன்லைனில் பாடம் கேட்கும் மாணவர்களும் பைஜாமா அணியக் கூடாது என்றது. பிள்ளை இருப்பது வீட்டில், பக்கத்தில் கட்டில், காலடியில் தலையணை. ஆனாலும் உடை குற்றம். நிலம் சரி, பொழுதுதான் தவறு என்னும் இந்த நிலைப்பாடு தொல்காப்பியத்துக்கு நேர் விரோதமானது.

நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்கெல்லாம் எளிய தீர்வு உண்டு. அதைத் துப்பட்டா விதி எனலாம். நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவோ துண்டோ விழுந்த கணமே அது இரவு உடை என்னும் தன்மையை இழந்து, பால் பூத், காய்கறி வண்டி, ஸ்கூல் வேன் நிற்கும் முனை ஆகிய மூன்று தலங்களுக்கும் செல்லத் தகுதி பெறுகிறது. துண்டு எந்த நிறமாகவும் இருக்கலாம். ஈரமாகவும் இருக்கலாம்.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். இரவு உடை என்றால் எது?

அமெரிக்கச் சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை. ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட அளவிலிருந்து பதினான்காம் சைஸ் வரை, குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். இல்லையேல் உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமானவற்றுக்கு 1996இல் இந்த விலக்கைக் கொடுத்தார்கள். அப்படி விலக்குப் பெற்றதில், இது தீத்தடுப்புத் துணியல்ல, ஒட்டினாற்போல் அணியவும் என்று கழுத்துப் பட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். கப்பலேற வேண்டிய பிள்ளைத் துணிகளில் ஏறாமல் நின்றுபோனவை எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்ற பெயரில் திருப்பூர் காதர்பேட்டையில் குவிந்து கிடக்கும். அங்கே வாங்குபவர்கள் கழுத்துப் பட்டியைப் படிப்பதில்லை. அடுத்த வருஷமும் வர வேண்டுமே என்று இரண்டு சைஸ் பெரிதாகவே எடுக்கிறார்கள். ஒரு நாட்டின் சட்டம் இன்னொரு நாட்டின் சிக்கனத்திடம் தோற்பது இப்படித்தான்.

தமிழ் வீட்டில் இரவு உடை கடையில் பிறப்பதில்லை. அது ஒரு பதவி. துணி வயதாகி அடையும் பதவி. ஒரு சட்டை தீபாவளிக்குப் புதுசாக, காலரில் மஞ்சள் தடவி, வீட்டுக்குள் வருகிறது. பிறகு கலர் டிரெஸ் ஆகிறது; பிறந்த நாளன்று யூனிஃபார்முக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளை வகுப்பு வகுப்பாக சாக்லேட் கொடுத்துவிட்டு வரும். அக்குளில் தையல் விட்டதும் வீட்டு டிரெஸ். சாயம் போய், பொத்தான் இரண்டு கழன்று, மாம்பழக் கறை நெஞ்சில் நிலைபெற்ற பிறகே அது நைட் டிரெஸ் ஆகும். அதற்கப்பால் உள்ளவை சோற்றுப்பானை இறக்கும் கரித்துணியும் பைக் துடைக்கும் துணியும். நைட் டிரெஸ் என்பது கரித்துணிக்கு முந்தைய கட்டம்.

இந்தப் பதவிக்கு வரும் உடைகள் பலவகை. போன வருஷத்து யூனிஃபார்ம் டிரவுசர், பாட்டி தைத்த பெட்டிகோட், ஏதோ சிமென்ட் கம்பெனி விளம்பரம் போட்ட அப்பாவின் டி-ஷர்ட். அது பிள்ளைக்கு முழங்கால்வரை வரும். கோடையில் ஜட்டி மட்டுமே. இதுதான் கள நிலவரம். ஆகவே, ராத்திரி போடும் உடையோடு அனுப்புங்கள் என்ற சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால், மே மாதம் நெருங்கும் ஒரு பைஜாமா தினத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஜட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்த அம்மாவும் இதற்குத் துணிய மாட்டார். என்ன செய்கிறார்? கடைக்கு ஓடுகிறார். மேலும் கீழும் ஒரே துணியில், யானைக் குட்டியும் நிலாவும் அச்சடித்த செட் ஒன்றை வாங்குகிறார். புதுத்துணியை அப்படியே போடக் கூடாதென்று அலசிக் காயப்போட்டு, காலையில் அயர்ன் செய்து மாட்டிவிடுகிறார்.

இங்கேதான் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு கிடைக்கிறது. பள்ளிக்குப் போட்டுக்கொண்டு வரும் நைட் டிரெஸ்ஸில் எவரும் ஒரு நாளும் தூங்கியதில்லை. எதில் தூங்கினார்களோ அது பள்ளிக்கு வருவதில்லை. முப்பது பிள்ளைகளும் மடிப்புக் கலையாத பைஜாமாவோடு வரிசையில் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பார்த்தால் இது விளங்கும். டையும் பெல்ட்டும் போய், நிலாவும் யானையும் வந்திருக்கின்றன, யூனிஃபார்ம் போகவில்லை. அன்று காலை வேன்காரர், “என்ன பாப்பா, காய்ச்சலா? லீவு சொல்ல வந்தீங்களா?” என்று கேட்கிறார். அவர் ஒருவர்தான் அதை மெய்யான நைட் டிரெஸ் என்று நம்பிய மனிதர்.

மாறுவேடம் என்ற கோணத்திலும் சற்றுப் பார்த்துவிடலாம். பிரிட்டனில் மார்ச் மாத முதல் வியாழக்கிழமை உலகப் புத்தக நாள். பிள்ளைகள் கதைமாந்தர் வேடத்தில் பள்ளிக்குப் போவார்கள். முந்தின ராத்திரி நினைவு வந்த பெற்றோருக்கு அங்கே இலக்கியம் கைகொடுக்கிறது. 1904இல் மேடையேறிய பீட்டர் பேன் நாடகத்தில் வெண்டியும் தம்பிகளும் இரவு உடையோடுதான் ஜன்னல் வழியே பறக்கிறார்கள். ரோல்டு டாலின் ராட்சதன் தூக்கிப்போகும் சிறுமி சோஃபியும் நைட்டியில்தான் இருக்கிறாள். எனவே பைஜாமாவோடு அனுப்பிவிட்டு, இவள் சோஃபி என்று சொன்னால் செல்லும். நம் மேடைகளில் அதற்கு வழியில்லை. பாரதிக்கு முண்டாசும் ஐப்ரோ பென்சில் மீசையும் வேண்டும்; ஒளவைக்குப் பஞ்சு ஒட்டிய தலை; வேலுநாச்சியாருக்கு அட்டை வாள்; தக்காளிக்குக்கூடச் சிவப்பு சார்ட் பேப்பர் வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளே கிரீடத்தோடும் ஆபரணங்களோடும்தான் படுத்திருக்கிறார்.

ஆயினும் ஒருவர் மிஞ்சுகிறார்: கும்பகர்ணன். மாறுவேடப் போட்டிகளில் இந்தப் பாத்திரம் இதுவரை முறையாகப் பயன்படுத்தப்படாதது வியப்புக்குரியது. வாடகைக் கடைக்குப் போக வேண்டாம். வசனம் மறந்துபோகும் என்ற பயமில்லை. மைக்கைப் பிடித்து, நான்தான் கும்பகர்ணன் என்று சொல்லிவிட்டு மேடையிலேயே படுத்துவிட்டால் முதல் பரிசு. பிள்ளை பயந்து அசையாமல் கிடந்தாலும் நடிப்பு என்றே மதிப்பெண் விழும்.

தீர்ப்புக்கு வருவோம். பிள்ளைகள் பள்ளிக்குப் பைஜாமா அணிந்து வரலாம். புதிதாக வாங்கியது ஏற்கப்படாது. முந்தின ராத்திரி அதில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும், கசங்கலே சான்று. அயர்ன் செய்திருந்தால் திருப்பி அனுப்பப்படும். சாயம் போனதற்கும் பொத்தான் இல்லாததற்கும் முன்னுரிமை உண்டு. ஜட்டி மட்டும் அணிந்து தூங்குவோர்க்கு மேலே ஒரு துண்டு அனுமதிக்கப்படும். துப்பட்டா விதி இங்கும் செல்லும். பாட்டியின் வினாவை முன்னிட்டு, வகுப்பு மிஸ், பிரின்சிபால், தாளாளர் மூவரும் அன்று தத்தம் இரவு உடையிலேயே வர வேண்டும். தாளாளர் லுங்கி கட்டுபவரானால் லுங்கியே.

பள்ளி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. பைஜாமா தினம் என்ற மெசேஜை முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்பாதீர்கள். துணிக்கடை ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிவிடுகிறது.