டெக்சாஸ் ரைட்டர்

வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற அப்பாக்களில் சில ரகம் உண்டு. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுவதைப் பற்றியே ஒருவர் மாதக்கணக்கில் பேசுவார். ஹாரன் சத்தமே இல்லாத ரோட்டைச் சொல்லிச் சொல்லி இன்னொருவர் மாய்ந்துபோவார். உத்திரமேரூரில் எங்களுக்கு வாய்த்தவர் கார் இன்சூரன்ஸ் பேசுகிற ரகம்.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் காலமெல்லாம் பத்திரம் எழுதியவர். ஊரில் பாதி நிலத்தின் நான்கெல்லை அவருக்கு மனப்பாடம். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ரைட்டர் என்றால் அவர்தான். டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கும் மகன் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் போனார். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. நடக்கத் தெரு உண்டு, எதிரே வரத்தான் யாரும் இல்லை. கையில் அகப்பட்டது மகனின் கார் பாலிசி. சின்னச் சின்ன எழுத்தில் பக்கம் பக்கமாக ஷரத்து. வேறு ஆளாக இருந்தால் அப்படியே மூடி வைத்திருப்பார். ரைட்டர் அதை மூலப்பத்திரம் பார்ப்பதுபோல வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

அதன் பலனைப் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் டீக்கடை அனுபவிக்கிறது.

"30, 60, 25. இத மட்டும் மனசுல வெச்சுக்க" என்று தொடங்குவார். அது டெக்சாஸ் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். நம் வண்டி இடித்து அடுத்தவனுக்கு அடிபட்டால் ஆளுக்கு 30,000 டாலர் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, அவன் வண்டி வாசல் சேதத்துக்கு 25,000. "அதுக்கு மேல போச்சுன்னா?" என்று யாராவது கேட்டே ஆகவேண்டும். கேட்கிறவரை டீயைத் தொடமாட்டார். கேட்டதும், "மிச்சம் நம்ம தலையில" என்று சொல்லி ஒரு வாய் குடிப்பார்.

நம் ஊர் மூன்றாம் நபர் காப்பீட்டில் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது. தீர்ப்பாயம் சொல்வதைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். சொத்து சேதத்துக்குத்தான் கோடு: காருக்கு ஏழரை லட்சம், இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம். 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி ரைட்டரின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கு இந்த யோகம் வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. இந்த ஒரு விஷயத்தில் டெக்சாஸைவிட நாம் தாராளம். இந்த ஷரத்து வரும்போது மட்டும் ரைட்டருக்கு இருமல் வந்துவிடும்.

மான் கதைக்கு இருமலே வராது. அங்கே ரோட்டில் மான் குறுக்கே வருமாம். மான் மேலே மோதினால் அது காம்ப்ரிஹென்சிவில் வரும். மானைக் காப்பாற்றப்போய் மரத்தில் மோதினால் கொலிஷன். ரெண்டும் தனித்தனி, ரெண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டவேண்டும்.

"அப்போ மானையே இடிச்சிடறது நல்லதுன்றீங்களா?" என்றார் டீ மாஸ்டர்.

ரைட்டர் கொஞ்சம் யோசித்தார். "மகன்கிட்ட காம்ப்ரிஹென்சிவ் மட்டும்தான் இருந்துதுன்னா, ஷரத்துப்படி ஆமாம்."

துபாயில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர் ஒருவர் நடுநடுவே மூக்கை நுழைப்பார். "எங்க ஊர்ல பாலிசியே பதிமூணு மாசம், தெரியுமா?" எங்க ஊர் என்று அவர் சொல்வது துபாயை. "எங்களுது ஆறே மாசம். ஆறு மாசத்துக்கொருதரம் ரேட்டை ஏத்துவான்" என்பார் ரைட்டர், ஏற்றுவதும் ஒரு பெருமை என்பதுபோல.

எல்லாவற்றையும்விட அவரைக் கலங்கடித்தது மகனுக்குப் போட்ட பிரீமியம். சென்னையில் எத்தனையோ வருஷம் கார் ஓட்டியவன், ஒரு கீறல் கிடையாது. அங்கே போனதும் அவனை நேற்று லைசென்ஸ் எடுத்த பையனோடு சேர்த்துவிட்டார்கள். இங்கே ஓட்டியதெல்லாம் அங்கே பெரும்பாலும் கணக்கில் சேர்வதில்லை. போதாக்குறைக்கு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா என்கிற மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் ரேட் போடுகிறார்கள். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் அதைப் பார்க்கக்கூடாது, டெக்சாஸில் பார்க்கலாம்.

"நெலத்துக்கு ஈ.சி. போடுவோம். அங்க மனுஷனுக்கே ஈ.சி. போடறான்யா! எம்புள்ள எவன்கிட்டயும் அஞ்சு பைசா கடன் வாங்கினதில்ல. வில்லங்கம் நில்னு வந்தா நாம இன்னா பண்ணுவோம்? கண்ண மூடிக்கினு கிரயம் பண்ணுவோம். அங்க அதான் குத்தம். இவன் யார்ட்டயும் கடனே வாங்கல, இவன எப்படி நம்பறதுன்னு ரேட்டை ஏத்திட்டான்."

இந்த இடத்தில் டீக்கடையே அவர் கட்சிக்குப் போய்விடும்.

கற்ற வித்தையைக் காட்ட ஒருநாள் வாய்ப்பு வந்தது. கடை வாசலிலேயே ஒரு குட்டியானை ரிவர்ஸ் எடுத்து, நின்றுகொண்டிருந்த ஆல்ட்டோவின் பின்விளக்கைத் தட்டிவிட்டது. ரைட்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பாய்ந்தார். "யாரும் ஸாரி சொல்லாதீங்க! தப்ப ஒத்துக்காதீங்க! வண்டி நம்பர், பாலிசி நம்பர் மாத்திக்கோங்க!" நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார். குட்டியானையின் அடியில் குனிந்து ஒன்று எடுத்தார். சாட்சிக்கு என்று டீ மாஸ்டரின் போன் நம்பரைக் கேட்டார்.

இதற்குள் இரண்டு டிரைவரும் ஒருவர் ஊரை ஒருவர் விசாரித்து, மானாம்பதியில் பெண் கொடுத்த வகையில் மாமன் மச்சான் முறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்நூறு ரூபாயில் விவகாரம் முடிந்தது. முடிந்ததும் மாமன் மச்சான் இருவரும் சேர்ந்து ரைட்டர் பக்கம் திரும்பினார்கள்.

"பெரியவரே, எங்க வண்டிய நீ எதுக்குப் போட்டோ புடிக்கற?"

சமாதானத்துக்கு இரண்டு டீ. காசு ரைட்டர் கணக்கில்.

"கிளெய்ம்ல மொதல் தொகை நம்ம கையிலேர்ந்து போவும்னு சொன்னீங்களே, டிடக்டபிள்னு. இதானுங்களா?" என்றார் டீ மாஸ்டர்.

ரைட்டர் தளர்கிற ஆள் இல்லை. எக்ஸ்எல் பெட்டியில் வண்டியின் ஆர்.சி.யோடும் 714 ரூபாய் பாலிசியோடும் மகனின் டெக்சாஸ் பாலிசி ஜெராக்ஸ் ஒன்றும் எப்போதும் இருக்கும். லேமினேட் செய்து வைத்திருக்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் எடுத்து நீட்டி ஓர் இடத்தில் விரல் வைப்பார். அங்கே அவர் பெயர், இனிஷியலோடு, இங்கிலீஷில்.

பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் அதை வாங்கி முழுக்கப் படித்துத் தொலைத்துவிட்டான்.

"தாத்தா, எக்ஸ்க்ளூடட் டிரைவர்னு போட்டிருக்கு. நீங்க அந்தக் கார ஓட்டவே கூடாது. ஓட்டினா கம்பெனி பைசா தராதுன்னு அர்த்தம்."

கடை சிரித்தது. இன்டர்நேஷனல் பெர்மிட்டெல்லாம் எடுத்துக்கொண்டுதான் ரைட்டர் விமானம் ஏறினார் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டில் தங்குகிற இன்னொரு டிரைவர் என்று சேர்த்தால் பிரீமியம் எகிறும். மகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவை விலக்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

ரைட்டர் பேப்பரை வாங்கி வேட்டி முனையால் துடைத்தார்.

"தெரியும்டா. படிக்காமலா லேமினேட் பண்ணேன்? நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்குதே, பார்த்திருக்கியா? வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது, அவன் சொந்தக்காரனும் ஆகாதுன்னு அடுக்கியிருப்பான். எல்லாம் வகைதான், பேரு கெடையாது. ஆயிரத்து நூறு வருஷமா அந்தச் சுவர்ல பேரச் சொல்லி ஒருத்தனயும் தள்ளி வெக்கல. டெக்சாஸ்காரன் என் பேர அச்சடிச்சு, இந்த ஆள்கிட்ட மட்டும் சாவியக் குடுக்காதீங்கன்னு போட்டிருக்கான். உங்கப்பன் பேரு எங்கயாச்சும் அப்படி வந்திருக்குதா?"

பையன் இல்லை என்று தலையாட்டினான். ரைட்டர் எக்ஸ்எல்லை மிதித்துக் கிளப்பி, இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஆளில்லாத ரோட்டில் திரும்பிப் போனார்.